தொட்டுக்கொள்ளவா, சாப்பிடவா?

"இன்று என்ன குழம்பு? தொட்டுக்கொள்ள என்ன?" நம் வீடுகளில் அடுக்களையை நோக்கி அன்றாடம் எழும் கேள்விகள் இவை. இரண்டாவது கேள்வியைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். காய்கறியைத் 'தொட்டுக்கொள்ள' என்கிறோம். ஊறுகாயும் தொட்டுக்கொள்ளத்தான், அவரைக்காய்ப் பொரியலும் தொட்டுக்கொள்ளத்தான். பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, பல தட்டுகளில் இவ்விரண்டின் அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்துவிடுகிறது! மலை போல் சோறு, அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். காய்கறி நம் நாக்கைத் தொடுகிறது; உடலுக்கு வேண்டிய அளவு வயிற்றுக்குள் போய்ச் சேருவதில்லை. இந்தப் பழக்கத்தை மாற்ற முடியும், அதுவும் பெருஞ்செலவில்லாமல் மாற்ற முடியும் என்பது என் கருத்து.

இயற்பியல் கற்பிக்கும் ஒருவர் உணவைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். எதையும் அளந்து பார்த்த பிறகே பேச வேண்டும் என்பது இயற்பியலின் முதற்பாடம். அடுக்களையோ வெப்பமும் நீராவியும் நாள்தோறும் பாடம் நடத்தும் ஆய்வுக்கூடம். ஆகவே எனக்கும் இதில் சிறிது உரிமை உண்டு!

எவ்வளவு வேண்டும்?

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறிகளும் பழங்களும் உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா. உருளைக்கிழங்கு வறுவலைக் காட்டி, "நானும் காய்கறி தின்கிறேன்" என்று வாதிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் தனியே 100 கிராம் என்பது அதன் கணக்கு. இவையெல்லாம் சமைப்பதற்கு முன்னுள்ள எடை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டில் நான்கு பேர் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு வேண்டிய காய்கறி 4 × 400 = 1600 கிராம். அதாவது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல்! நேற்று உங்கள் வீட்டில் எவ்வளவு காய் நறுக்கினார்கள்? அரைக் கிலோ கத்தரிக்காய் குழம்புக்கும், கால் கிலோ பீன்ஸ் பொரியலுக்கும் என்றால், தேவையில் பாதியைக்கூட நாம் எட்டவில்லை. இந்தக் குறையைச் சோற்றால்தான் நிரப்புகிறோம்.

குன்னூர் எலிகள்

இன்று ஹைதராபாத்தில் உள்ள அந்த நிறுவனம் பிறந்தது நம் நீலகிரி மலையில்தான். 1918ஆம் ஆண்டு, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். 1958இல்தான் அது ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1920களில் மக்கரிசன் ஒரு சுவையான ஆய்வு செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம் ஆகியவை நிறைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. அரிசிச் சோறே பெரும்பகுதியாக அமைந்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் வளர்ச்சியில் கடைசியில் நின்றன!

இதிலிருந்து அவசர முடிவுக்கு வரக்கூடாது. பால், தானியம் என்று பலவும் அந்த உணவுகளில் வேறுபட்டன. காய்கறி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட இயலாது. எலி வேறு, மனிதன் வேறு. ஆனால் தட்டு முழுவதும் ஒரே தானியமாக இருந்தால் வயிறு நிறையலாம், வளர்ச்சி நிறையாது என்ற எச்சரிக்கை குன்னூரிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

இரத்தத்தின் கதை

இதில் நம் உடல் செலுத்தும் விலை என்ன? 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 31 விழுக்காடு. அதாவது, உங்கள் வயது மாணவியர் ஐவரில் மூவர்! படியேறினால் மூச்சு வாங்குவதும், பிற்பகல் வகுப்பில் பாடம் மனத்தில் ஏறாமல் கண் செருகுவதும் சோம்பலின் அடையாளங்கள் மட்டுமல்ல. இரத்தம் போதிய ஆக்சிஜனைச் சுமக்க இயலாமல் திணறுவதாலும் இப்படி நேரலாம்.

இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது இரும்புக் குறைவு. தானியம், பருப்பு, கீரை இவற்றில் இரும்பு இருந்தாலும் நம் குடல் அதில் ஒரு சிறு பகுதியையே ஏற்கிறது. வைட்டமின் சி உடனிருந்தால் அந்த இரும்பு எளிதில் உட்கவரப்படும் வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே கீரையுடன் எலுமிச்சை, சாப்பாட்டுடன் கொய்யா அல்லது நெல்லி என்பது வெறும் சுவைக்கான ஏற்பாடன்று. இதற்கு நேர்மாறானது தேநீர். அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பவர்கள் ஒரு மணி நேரமாவது பொறுத்தல் நல்லது. இரத்தம் உருவாக வேண்டிய இன்னொரு பொருளான ஃபோலிக் அமிலத்தின் பெயரே 'இலை' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இதற்காகப் பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரையும் வேண்டும்; கீரையும் வேண்டும்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அப்பாவுக்கும் பையன்களுக்கும் முதற்பந்தி. அம்மாவும் பெண்பிள்ளைகளும் உட்காரும்போது பொரியல் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மிச்சம். இரத்தம் அதிகம் தேவைப்படுபவருக்குக் காய்கறி குறைவாகக் கிடைப்பது நியாயந்தானா? மாணவர்களே, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பழக்கத்தை உங்கள் வீட்டில் நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

சட்டியில் தொலையும் சத்து

வாங்கிய காய்கறியின் சத்து முழுவதும் தட்டுக்கு வருகிறதா என்பது அடுத்த கேள்வி. வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம் ஆகியவை நீரில் கரைபவை, வெப்பத்தில் சிதைபவை. 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக ஒரு பூசணித் துண்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் புறப்பரப்பு 96 சதுர சென்டிமீட்டர். அதை 1 சென்டிமீட்டர்க் கனசதுரங்களாக நறுக்கினால் 64 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 384 சதுர சென்டிமீட்டர். நான்கு மடங்கு! அரை சென்டிமீட்டராக்கினால் எட்டு மடங்கு. பரப்பு பெருகப் பெருக, சத்து நீரில் கரைந்து வெளியேறும் வாயிலும் பெருகுகிறது. ஆகவே காயை முழுதாகக் கழுவிவிட்டு, அப்புறம் நறுக்க வேண்டும். நறுக்கிய காயை நெடுநேரம் தண்ணீரில் போட்டு வைத்தலும், வெந்த நீரை வடித்துக் கொட்டுதலும் காசைச் சாக்கடையில் போடுவதற்கு ஒப்பானவை. வெந்த நீரை இரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம்.

அடுப்பைப் பெரிதாக எரித்தால் காய் விரைவில் வேகுமா? வேகாது. திறந்த பாத்திரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கிய பின் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசிலேயே நிற்கும். கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் தேவை. எனவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டு, அளவான நீரில், காய் குழையுமுன் இறக்குவதே அறிவியல் முறை. எரிவாயுவும் மிச்சம், சத்தும் மிச்சம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பச்சையாகவே தின்னலாமா? அதுவும் சரியன்று. கேரட், முருங்கைக்கீரை முதலியவற்றிலுள்ள கரோட்டின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வேகும்போது செல்சுவர்கள் இளகுவதால் அது எளிதில் வெளிப்படுகிறது. இரண்டு துளி எண்ணெயும் சிறிது தேங்காய்த் துருவலும் சேர்த்த நம் பாட்டிமார்களின் பொரியல் கரோட்டினுக்கு ஏற்ற முறையே. வெள்ளரி, கேரட் போன்ற ஒன்றிரண்டைப் பச்சையாகவும், மற்றவற்றை அளவாக வேக வைத்தும் உண்பது நல்லது.

ஆப்பிளுக்குக் காத்திருக்க வேண்டுமா?

"காய்கறி விற்கும் விலையில் 400 கிராமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலைக்கும் சத்துக்கும் எப்போதும் நேர்விகிதம் கிடையாது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. தொலைதூரத்திலிருந்து லாரி ஏறி வரும் ஆப்பிளில் அதே எடையில் 5 மில்லிகிராம் அளவே. உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. அரைக் கொய்யா போதும்! ஆப்பிள் கெட்ட பழம் என்று சொல்லவில்லை; அது நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கும் மரியாதைப் பழமாகிவிட்டது, அவ்வளவுதான். பப்பாளி, வாழை, நெல்லி, கொய்யா ஆகியவை நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

காசு கொடுத்து வாங்கியதில் நாம் எறிவதும் ஏராளம். முள்ளங்கியை வாங்கிக் கீரையை எறிகிறோம். பீட்ரூட் இலையும் அப்படியே. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம். தர்பூசணியின் வெண்பகுதியைக் கூட்டு வைக்கலாம். கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் அது வீட்டுக்கு ஒரு மருந்துக்கடை. மாடி வீட்டில் குடியிருப்பவர்களும் ஒரு பழைய வாளியில் வெந்தயக்கீரை வளர்க்கலாம்.

இன்றே தொடங்கலாம்

முதலாவதாக, பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பாதியில் சோற்றையும் பருப்பையும் வையுங்கள். முதலில் இடம் பிடித்தவருக்கே இருக்கை என்பது பேருந்தில் மட்டுமன்று, தட்டிலும் செல்லும்!

இரண்டாவதாக, தெரிந்த பலகாரத்திலேயே காய்கறியைக் கூட்டுங்கள். அடை மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. உப்புமாவில் பட்டாணி, கேரட். சாம்பாரில் இரண்டு மடங்கு காய். தயிரில் வெள்ளரிப் பச்சடி. புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, மாலைப் பசிக்குப் பொட்டலத் தீனியை விட்டு ஒரு பழம் தின்னுங்கள். பள்ளி வாயிலில் கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பவரிடம் வாங்கலாம். நன்றாகக் கழுவி, உப்பு மிளகாய்ப்பொடியைக் குறைத்து உண்ணுங்கள். பழத்தைப் பழமாகவே தின்னுங்கள். பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரை நீர்.

நான்காவதாக, அளந்து பாருங்கள். ஒரு வாரம், சமைக்குமுன் காய்கறியை நிறுத்து, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் தராசு இல்லையெனில் கடைக்காரர் போட்ட எடையையே குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரச் சராசரி 150 கிராம் என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். அடுத்த வாரம் 200 ஆக்க முயலுங்கள். அதற்கடுத்த வாரம் 250. வரைபடத்தாளில் அந்தக் கோடு மெல்ல ஏறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி வேறு.

சமையல் அம்மாவின் வேலை, அதில் மாணவனுக்கென்ன என்று எண்ண வேண்டாம். சந்தைக்குப் பை எடுத்துச் செல்வதும், கீரை ஆய்வதும், காய் நறுக்குவதும் பையன்களுக்கும் பொதுவான வேலைகளே. கீரை ஆய்ந்து கொடுக்க ஆளிருந்தால் வாரத்தில் நான்கு நாள் கீரை சமைக்கும் வீடுகள் எத்தனையோ! நேரமின்மைதான் பல அடுக்களைகளிலிருந்து கீரையை விரட்டிவிட்டது.

இனி அடுக்களையைப் பார்த்துத் "தொட்டுக்கொள்ள என்ன?" என்று கேளாதீர்கள். "சாப்பிட என்ன காய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அரிவாள்மணையோ கத்தியோ எடுத்துக்கொண்டு உதவிக்கும் உட்காருங்கள்.