பதினாறாவது ஆள்

தென்சென்னையில் நான் குடியிருக்கும், 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தின் சங்க விதிகள், அதாவது எல்லோரும் பைலா என்று சொல்லும் பழுப்பேறிய 12 பக்கங்கள், 1988-ஆம் ஆண்டில் தட்டச்சு செய்யப்பட்டவை. மொட்டை மாடியில் யார் எங்கே ஆன்டெனா நாட்டலாம், ஸ்கூட்டருக்கு மாதம் 5 ரூபாய் கூடுதல் சந்தா, வடாம் காயவைப்போர் அஸ்தமனத்துக்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும் என்றெல்லாம் வெகு சிரத்தையுடன் விதித்த அப்பெரியவர்கள், 11 இடங்களுக்கு 19 கார்கள் போட்டியிடும் என்றோ, மின்சாரக் காருக்குப் பொது மீட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றலாமா என்று ஒரு வியாஜ்யம் எழும் என்றோ சொப்பனத்திலும் கருதியிருக்க நியாயமில்லை.

எழுதிய விதி உதவாமற்போகும்போது, அதன் ஸ்தானத்தில் காரியதரிசியின் ஞாபகசக்தி வந்து அமர்ந்துகொள்கிறது. சென்ற வருஷம் வாடகைக்கு வந்த ஒருவரிடம், சாமான் ஏற்ற லிஃப்டை உபயோகித்ததற்கென்று 2,000 ரூபாய் கேட்டோம். எந்த ஷரத்தின்படி என்று அவர் வினவியதற்கு, “இங்கே அப்படித்தான் சார்” என்பதற்குமேல் எங்களிடம் பதில் இல்லை.

திருத்திவிடலாமே என்பீர்கள். 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாலொழிய விதியை மாற்ற இயலாது; அது பெரிய சிரமமன்று. எங்கள் பைலாவோ, திருத்தக் கூட்டத்துக்கு உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 16 பேர், நேரில் வரவேண்டும் என்கிறது. எழுவர் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிறார்கள். இரண்டு வீடுகளின் உரிமையாளர்கள் காலமாகி, வாரிசுகள் இன்னும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. மிஞ்சியவர் அனைவரும் வந்தாலும் 15 பேர்தாம்.

வக்கீலிடம் 60 பக்க மாதிரி பைலா ஒன்றை வாங்கி அப்படியே ஏற்போம் என்பது நண்பர் ஒருவரின் யோசனை. தண்ணீர் லாரிக்கே தவமிருக்கும் எங்களுக்கு நீச்சல்குளப் பராமரிப்பு விதிகள் எதற்கு என்று தெரியவில்லை. முதலில் கோரம், உறுப்பினர் பதிவேடு, காணொளி மூலம் வாக்களிப்பு ஆகிய மூன்றை மட்டும் திருத்துவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். இதில் அவசரமும் உண்டு. 1994-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு மாற்றாக, 2022-இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளரின் சம்மதம் போதும் என்கிறது. பில்டர் வந்து கதவைத் தட்டும் நாளில், காலமானவர்களின் பெயரைத் தாங்கிய பதிவேட்டை வைத்துக்கொண்டு யாருடைய சம்மதத்தைக் கணக்கிடுவது?

கடைசியில் கைகொடுத்தது மார்கழிதான். கச்சேரிக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இரண்டு உரிமையாளர்களைக் காலை டிபனுக்கே மொட்டை மாடிக்கு அழைத்துவந்து, 16 என்று எண்ணிவிட்டோம். பதினாறாமவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கையெழுத்திட்டார். மூன்று திருத்தங்களும் ஏகமனதாக நிறைவேறின. அதே மூச்சில் வடாம் ஷரத்தையும் நீக்கிவிடலாம் என்று ஓர் இளைஞர் எழுந்தபோதுதான், முன்வரிசையில் அதுவரை வாய் திறவாதிருந்த மூன்று பாட்டிமார் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.