இந்தச் சுமை தாயின் தலையில் மட்டுமா?

டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையோடு பிறப்பவர்களுக்கு உதவ நமது நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. திட்டம் இல்லையா? ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? ஒரு நாள் கூலியை இழந்து, குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் தாயின் தலையில்! இது நியாயமா என்று கேட்கிறோம்.

முதலில் விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மனித உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் சாதாரணமாக 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் 21ஆவது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில டாக்டர் 1866இல் இந்த நிலையை விவரித்தார். ஆனால் அதன் காரணத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தது 1959இல்தான். உலகில் சுமார் ஆயிரம் பிரசவங்களுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. பணக்காரன் வீட்டிலும் பிறக்கிறது. ஏழை வீட்டிலும் பிறக்கிறது. இது முன்ஜென்மப் பாவமல்ல, கிரகணத்தின் கோளாறல்ல, தாயின் குற்றமுமல்ல. தொற்று வியாதியும் அல்ல. மருந்து கொடுத்து இதைப் போக்கிவிடுவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை யாரும் நம்ப வேண்டாம்.

ஒரு காலத்தில் இவர்களை ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி ‘மங்கோல்’ என்று டாக்டர்களே அழைத்தார்கள். மங்கோலிய மக்கள் குடியரசு ஆட்சேபித்தது. 1965இல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. பாடப் புத்தகத்திலிருந்து போன அந்த இழிவு, தெருவில் கேலிப் பேச்சாக இன்னும் உலவுகிறதென்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்தான்.

அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருஷம். இப்போது அது சுமார் 60 வருஷம். இடையில் குரோமோசோமா மாறியது? இல்லை. மாறியது வைத்தியம், மாறியது அவர்களை விடுதிகளில் அடைத்து வைத்து மறந்துவிடும் பழக்கம். ஆகவே, ஆயுளைக் குறைத்தது இயற்கை மட்டுமல்ல, சமுதாயத்தின் அலட்சியமும்தான் என்பது நிரூபணமாகிவிட்டது.

இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு இருக்கிறது. பெரிய துவாரமாக இருந்தால் முதல் சில மாதங்களுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். காலம் கடந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வந்துவிடும். வசதியுள்ள வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த வாரமே எக்கோ பரிசோதனை நடக்கிறது. விவசாயக் கூலியின் குழந்தைக்கு ‘சளி’ என்று மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டால், அந்த மாதங்களோடு அதன் உயிரும் போய்விடுகிறது. ஒரே வியாதி, ஆனால் முடிவு வேறு! வர்க்க பேதம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 18 வயதுவரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பேச்சு, நடை, பார்வை, செவி ஆகியவற்றுக்குப் பயிற்சி தர மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் உண்டு. இதைப் பிரசவ வார்டிலேயே தாய்க்குச் சொன்னால் என்ன?

பணம் சம்பந்தமான கதையைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகப் பாதுகாப்பை உரிமை என்கிறது. ஆனால் மத்திய சர்க்காரின் ஊனமுற்றோர் பென்ஷன், 2012இல் உயர்த்திய பிறகும், மாதம் 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! அதுவும் 18 வயதுக்கு மேல், வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 சதவீதக் குறைபாடு இருந்தால்தான். 2018இல் வெளியான மதிப்பீட்டு நெறிகளோ, அறிவுசார் குறைபாடு லேசானால் 50 சதவீதம், நடுத்தரமானால் 75 சதவீதம் என்று கணக்கிட்டன. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வகையில்தான் வருகிறார்கள். அதாவது, ஒரு கை கொடுப்பதாக நீட்டுகிறது. மறு கை கதவைச் சாத்துகிறது! தமிழ்நாட்டில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. இது மேலானதுதான். ஆயினும், பிள்ளையைக் கவனிக்க வேலையை விட்ட தாயின் கூலிக்கு இது ஈடாகுமா?

சான்றிதழ் விஷயத்திலும் இப்படித்தான். 5, 10, 18 வயதுகளில் மறு மதிப்பீடு என்று அதே நெறிகள் வகுத்தன. குறைபாட்டின் அளவு வயதோடு மாறலாம், அளந்து பார்க்கட்டும். ஆனால் 21ஆவது குரோமோசோம் பத்தாவது பிறந்த நாளன்று விடைபெற்றுப் போய்விடுமா? சான்றிதழ் காலாவதியானது என்று சொல்லி உதவியை ஏன் நிறுத்த வேண்டும்?

பிள்ளை வளர்ந்த பிறகு பிரச்னை தீர்வதில்லை. வேறு உருவம் எடுக்கிறது. தைராய்டு, செவி, கண் ஆகியவற்றைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். நாற்பது, ஐம்பது வயதிலேயே பலருக்கு ஞாபக மறதி நோய் வருகிறது. அதே சமயத்தில் பெற்றோர் முதுமையடைகிறார்கள். “எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டக் குழு மூலம் 18 வயதுக்குப் பின் சட்டப்பூர்வமான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டம் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் தருகிறது. எத்தனை குடும்பங்களுக்கு இவற்றை யாராவது வீடு தேடி வந்து சொன்னார்கள்?

ஆகவே கோருகிறோம்: டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகிக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும், தாய் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் முன்பே இருதயப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சான்றிதழ், உதவித் தொகை, இன்ஷூரன்ஸ், பாதுகாவலர் மனு எல்லாம் தாலுகாவில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். பென்ஷனுக்கு 80 சதவீத நிபந்தனை ஒழிய வேண்டும். விலைவாசிக்கேற்பத் தொகை உயர வேண்டும். பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களும், பெற்றோர் காலத்துக்குப் பிறகு கௌரவமாக வாழ இல்லங்களும் வேண்டும். சர்க்கார் வேலையில் சட்டம் ஒதுக்கிய 4 சதவீதத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்குரிய 1 சதவீதம் காகிதத்தில் தூங்கக் கூடாது.

இது தர்மம் கேட்பதல்ல. சட்டத்தில் எழுதியதைக் கொடு என்று கேட்பது. தொழிற்சங்கக் கிளைகளும், மாதர் சங்கங்களும், வாலிபர்களும் தங்கள் பகுதியில் இத்தகைய குடும்பம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, மனு எழுதவும் உடன் செல்லவும் முன்வர வேண்டும். தனியாகக் கவுண்டரில் நிற்கும் தாயை ‘நாளைக்கு வா’ என்று விரட்டலாம். நூறு பேர் உடன் நின்றால் விரட்ட முடியாது!