கட்டை விரல் மட்டும் பாக்கி



போன மாதம் பரணைச் சுத்தம் செய்தோம். அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியை என் மருமகள்தான் கீழே இறக்கினாள். திறந்ததும் வசம்பு வாசனை. புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கம்பளிக் கையுறை, ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. நான்கு விரலும் முடிந்திருந்தது. கட்டை விரல் வரவேண்டிய இடத்தில் துருப்பிடித்த சேஃப்டி பின் ஒன்று. அதில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு லூப்புகள்.

"இது ஏன் அத்தை பாதியிலே நிக்குது?" என்று கேட்டாள்.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் குன்னூரில் வேலை. அங்கே அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு மாமியிடம் பின்னல் கற்றுக் கொண்டார்கள். டிசம்பர் பிறப்பதற்குள் எங்கள் நாலு பேர் கைக்கும் உறை தயாராகிவிடும். பிறகு என் பிள்ளைக்கும் போட ஆரம்பித்தாள். லீவுக்குப் போயிருந்த நான்தான், "எதுக்கும்மா கண்ணைக் கெடுத்துக்கறே? பஜாரிலே பதினைஞ்சு ரூபாய்க்கு ஜோடியாவே கிடைக்குதே" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. லூப்புகளைப் பின்னில் மாட்டி எடுத்து வைத்துவிட்டாள். அப்புறம் ஊசியைத் தொடவே இல்லை. போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

அந்தக் கையுறை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மற்ற ஊர்ப் பெண்கள் இந்த வேலையை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று தேடிப் படித்தேன். இரண்டு ஊர்க் கதை மனசில் நின்றது.

முதலாவது, பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லாத்வியா. அங்கே பெண் குழந்தைக்கு விவரம் தெரிந்ததுமே கையில் ஊசியைக் கொடுத்துவிடுவார்களாம். கல்யாணத்துக்குள் சீர்ப் பெட்டி நிறையக் கையுறை பின்னி வைக்க வேண்டும். வசதியான வீட்டுப் பெண்ணின் பெட்டியில் நூறு ஜோடிக்கு மேல்கூட இருக்கும். எல்லாம் கல்யாணத்தில் கொடுப்பதற்காக! மாமனார், மாமியார், நாத்தனார், பாதிரியார், வண்டி ஓட்டியவர்... ஒருவர் விடாமல் ஒரு ஜோடி. புகுந்த வீட்டு அடுப்படியிலும் மாட்டுக் கொட்டிலிலும்கூட ஒரு ஜோடி வைப்பது வழக்கம். சூரியன், எட்டு முனை நட்சத்திரம் என்று நம் கோலம் மாதிரியே கட்டம் எண்ணிப் போடும் டிசைன்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி நிறம், தனி டிசைன். 2006-ல் தலைநகர் ரீகாவில் நேட்டோ மாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்குக் கொடுக்க நாடு முழுவதும் பெண்கள் உட்கார்ந்து 4,500 ஜோடி பின்னினார்கள். கொடுப்பதற்கு ஆள் இருக்கும் வரை பின்னுவதற்கும் ஆள் இருக்கிறது, பாருங்கள்.

இரண்டாவது ஊருக்கு அப்படிக் கொடுத்து வைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் தென்மேற்கே சாங்கர் என்று ஒரு சின்ன ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பின்னிய காலுறைகள் கப்பலேறி அமெரிக்காவின் வர்ஜீனியா வரை போயின. 1775-ல் அங்கே விடுதலைப் போர் மூண்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு மெஷின் வந்தது. கடைசியில் அந்த ஊருக்குப் பேர் சொல்லத் தங்கியது கையுறைதான்.

சும்மா கையுறை இல்லை. ஈர்க்குச்சி மாதிரி மெல்லிய எஃகு ஊசிகளில், இரண்டு நிற நூலைக் கூடவே ஓட்டி, சின்னச் சின்னக் கட்டமாகப் போடுவது. டிசைன்களுக்குப் பேர் வேறே: டியூக், ரோஜா, மேய்ப்பன் கட்டம், கொசுவும் ஈயும்! மணிக்கட்டுப் பட்டையில் போட்டுக் கொள்பவரின் பேர் எழுத்துக்களையும் சேர்த்துப் பின்னிவிடுவார்கள்.

ஆனால் ஒரு ஜோடிக்கு நாள் கணக்கில் ஆகும். அதற்கெல்லாம் கூலி போட்டால் வாங்க ஆள் வராது. வாங்குகிற விலை வைத்தால் பின்னுகிறவளுக்குக் கட்டாது. இந்தக் கணக்கில்தான் எந்த ஊரிலும் கைவேலை மடிகிறது. டிசைன்களோ பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துப் பெண் பழகியவை. பெண் பழகாவிட்டால் அதோடு போச்சு.

அதை நிறுத்தியது யார் தெரியுமா? நம்முடையதைப் போன்ற ஒரு பத்திரிகைதான். 1950-களில் 'பீப்பிள்ஸ் ஃபிரெண்ட்' என்ற ஸ்காட்லாந்து வார இதழ் சாங்கர் கையுறையின் பாட்டர்னை அச்சடித்து வெளியிட்டது. கிராமப் பெண்கள் சங்கமும் டிசைன்களைச் சேகரித்துத் துண்டுப் பிரசுரங்களாகப் போட்டது. நாலு வீட்டுக்குள் இருந்தது நாலு தேசத்துக்குப் போனது. இன்றைக்கு சாங்கரைக் கண்ணால் பார்க்காதவர்களும் அந்தக் கட்டங்களைப் பின்னுகிறார்கள்.

'அப்படியானால் எழுதி வைத்தால் போதும்' என்று நினைத்து நானும் ஒரு புத்தகத்தை வாங்கி, பின்னைக் கழற்றப் போனேன். கை நடுங்கியது. ஒரு லூப் நழுவினால் வரிசை முழுக்க அவிழ்ந்துவிடுமே! கோயமுத்தூரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன். எழுபத்தெட்டு வயசு, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவள். மறு வாரமே வந்து இறங்கினாள்.

கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா எண்ணித்தான் வெச்சிருக்கா" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பின்னிலிருந்த லூப்புகளை ஊசிக்கு மாற்றினாள். இடைவெளியின் மேல் பக்கத்தில் புது லூப்புகள் எடுத்தாள். "இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. மூலையிலே ஓட்டை விழும். ரெண்டு மூலையிலும் ஒண்ணொண்ணு கூட எடுத்துக்கோ. அடுத்த சுற்றிலே பக்கத்து லூப்போட சேர்த்துப் பின்னிடு." நான் வாங்கிய புத்தகத்தில் இதைத் தேடினேன், இல்லை. சித்தியின் விரலில் இருந்தது.

அதே சாம்பல் நூல் கிடைக்கவில்லை. காப்பிக் கலரில் கட்டை விரல் வளர்ந்தது. பாதி சித்தி போட்டாள். மீதியை நான் கோணல்மாணலாகப் போட்டேன். மருமகள் ஒரு நோட்டில் லூப் கணக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொண்டாள். காகிதமும் வேண்டும், பக்கத்தில் உட்கார ஆளும் வேண்டும். ஒன்று இருந்தால் பாதிதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தியோ அத்தையோ இருப்பார்கள். பின்னல், குரோஷே, கூடை முடைவது, எதுவாக இருந்தாலும் இரண்டு மத்தியானம் அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் கை வேலை செய்யும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். 'கடையில் கிடைக்குமே' என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. குழந்தையின் கையுறையை மாட்டுமுன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் இருந்தால் கத்தரித்துவிடுங்கள். அந்த நூல் பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணம் தெரியாமல் குழந்தை வீரிட்டு அழுதால் உறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். விரல் சிவந்தோ நீலம் பாரித்தோ வீங்கியிருந்து, நூலை உடனே எடுக்க முடியாவிட்டால், தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். நாள் முழுக்க உறை மாட்டி வைக்கவும் வேண்டாம்; தொட்டுத் தொட்டுத்தான் குழந்தை உலகத்தைக் கற்றுக் கொள்கிறது. கீறிக் கொள்ளும் என்று பயமானால், தூங்கும்போது நகத்தை வெட்டி விட்டாலே போதும்.

கம்பளியை எடுத்து வைப்பவர்கள் நன்றாகத் துவைத்து, ஈரம் போக உலர்த்தி, வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ போட்டு வையுங்கள். சேஃப்டி பின்னை மட்டும் அதில் விட்டு வைக்காதீர்கள். துருக்கறை லேசில் போகாது. எங்கள் கையுறையில் இன்னும் இருக்கிறது.

பேரனுக்கு இப்போது ஆறு வயசு. மாட்டிப் பார்த்தான், சரியாக இருந்தது. "இன்னொரு கைக்கு எங்கே பாட்டி?" என்றான்.

மருமகள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்திருக்கிறாள். சுண்டு விரல் முடிந்துவிட்டது.