காயத்துக்கு வெட்கம் எதற்கு?



கடந்த மாதம் ஓர் அக்காவைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனேன். முல்லைத்தீவுப் பக்கம். 2009 இல் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தெடுத்தவர். மலக்குடலில் புற்றுநோய் வந்து, கட்டியை வெட்டி எடுத்து, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே திறந்து பை பொருத்தியிருந்தார்கள். மருந்தேற்றும் சிகிச்சையும் முடிந்துவிட்டது. இனிப் பயமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது அக்கா என் தோளில் சாய்ந்தார். உதடு வறண்டு, கண் சொருகியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கவும் கொடுத்த பிறகு மெல்லச் சொன்னார்:

“நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை தங்கச்சி. தண்ணியும் குடிக்கேல்லை. பஸ்ஸிலை பை நிறைஞ்சு மணந்தா, சனம் என்ன நினைக்கும்?”

ஆறு மாதமாக அவர் வீட்டுக்குப் போய் வருகிறேன். “மனதைத் தளரவிடாதேங்கோ” என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சமூகவியல் படித்த எனக்கு அன்றுதான் அது உறைத்தது.

கிளினிக்கில் தாதி விளங்கப்படுத்தியதை உங்களுக்கும் சொல்கிறேன். பட்டினி கிடந்தாலும் குடல் நீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், காற்றும் கூடும். சிறுகுடலில் பை வைத்தவர்களுக்கு நீரோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட கஞ்சி, ஜீவனி என்பவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பல தடவை, நன்றாக மென்று சாப்பிடுங்கள். தேங்காய்ச் சொட்டு, சோளம், கச்சான் போன்றவை துளையை அடைக்கக்கூடும். ஆரம்ப வாரங்களில் தவிருங்கள்.

பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். பயணத்துக்கு முன்னும் அப்படியே. மாற்றுப் பை ஒன்றும் துணித்துண்டும் கைப்பையில் இருக்கட்டும். தோலை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்ந்த பின் புதுப்பையை ஒட்டுங்கள். வெளியே தெரியும் குடல் கறுத்தாலோ, பையில் எதுவும் வராமல் வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மருந்தேற்றியதால் சிலருக்குக் கைகால் விரைப்பு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கிலும் இருக்கும். வெறுங்காலோடு நடக்காதீர்கள், அடுப்படியில் கவனம். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2, 3 வருடங்களிலேயே தெரியவரும். ஆகவே உடம்பு சுகமாக இருந்தாலும் கிளினிக் திகதியையும் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

அந்த வைத்தியசாலைக் கட்டடம், 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய நிதியில் எழுந்தது. அக்காவும் நடக்க வேண்டும் என்றார் டொக்டர். 2025 இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 889 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் 3 வருடம் வழிகாட்டலுடன் நடை போன்ற உடற்பயிற்சி செய்தார்கள். மற்றவர்களுக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். 8 வருடத்தின் பின் உடற்பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேரும், மற்றவர்களில் 83 பேரும் உயிரோடு இருந்தார்கள். டொக்டரிடம் கேட்டு, ஒழுங்கை முனை வரையாவது நடக்கத் தொடங்குங்கள்.

திரும்பி வரும்போது அக்கா வெளியே பார்த்தபடி சொன்னார்: “கடைசிச் சண்டை நேரம், ஷெல் பட்டு வயித்திலை பை வைச்ச பெடியன் ஒருத்தன் எங்கடை தறப்பாளுக்குள்ளை இருந்தவன். நாங்கள் பொம்பிளையள் மாறி மாறிக் கழுவி விட்டனாங்கள். ஒருத்தரும் மூக்கைப் பொத்தேல்லை.”

“அவனை அருவருக்காத நீங்கள் உங்களை ஏன் அருவருக்கிறியள் அக்கா?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பரந்தனில் பஸ் நின்றபோது தானே இறங்கிப் போய்ப் பையை வெறுமையாக்கிவிட்டு வந்து, நான் கொண்டுபோயிருந்த இடியப்பப் பொதியைப் பிரித்தார்.

சகோதரிகளே, உங்கள் அயலில் இப்படி ஒருவர் வெளியே வராமல் இருக்கக்கூடும். போய்ப் பாருங்கள். தைரியம் சொல்வதற்கு முன், “இன்றைக்கு என்ன சாப்பிட்டியள்?” என்று கேளுங்கள்.