நாணயம் எங்கே கெட்டது?

ஓட்டுக்குப் பணம் வாங்கும் ஜனங்களைத் திட்டுவது பெரிய மனிதர்களுக்கு வழக்கமாகிவிட்டது. “நாட்டில் நாணயம் செத்துவிட்டது” என்று மேடைக்கு மேடை கண்ணீர் வடிக்கிறார்கள். பணப் பட்டுவாடாவினால் 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாயிற்று. 2019-ல் வேலூர் பார்லிமெண்ட் தேர்தல் ரத்தாயிற்று. உண்மைதான். ஐநூறு ரூபாய்க்கு ஓட்டை விற்பவர், உழைப்பாளியிடம் மிஞ்சியிருக்கும் ஆயுதத்தை அடகு வைக்கிறார். அதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் வாங்கிய கையைப் பிடித்து உலுக்குகிறவர்கள், கொடுத்த கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்பதில்லை?

2017 பட்ஜெட்டில் தேர்தல் பத்திரத் திட்டத்தை மோடி சர்க்கார் அறிவித்தது. ரிசர்வ் பாங்க் எச்சரித்தது. தேர்தல் கமிஷன் ஆட்சேபித்தது. எதையும் கேட்கவில்லை. ராஜ்யசபையின் சம்மதம் தேவைப்படாதபடி பண மசோதாவாகவே நிறைவேற்றிக்கொண்டார்கள். கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பு நீக்கப்பட்டது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் போயிற்று. ஸ்டேட் பாங்கில் பத்திரம் வாங்கலாம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஜனங்களுக்குத் தெரியாது. இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் “வெளிப்படைத்தன்மை”!

ஆறு ஆண்டுகளில் விற்ற பத்திரங்கள் 16,518 கோடி ரூபாய். பெரும்பங்கு பா.ஜ.க.வுக்கே போயிற்று.

2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியும் அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒன்று. உடனே ஸ்டேட் பாங்க், விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது, பார்லிமெண்ட் தேர்தல் முடிந்த பிறகு! குடியானவனின் நகைக்கடன் ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸ் அனுப்பத் தெரிந்த பாங்குக்குத் தன் கணக்கைக் கூட்டிப் பார்க்க நான்கு மாதம் வேண்டியிருந்தது. கோர்ட் அதட்டியதும் ஒரே நாளில் விவரம் வந்தது.

வந்த பட்டியலில் முதலிடம் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரிக் கம்பெனிக்கு: 1,368 கோடி. கூலிக்காரனின் குடும்பம் நாசமாகிறது என்று தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரி தடை செய்யப்பட்டது. வெளிமாநிலங்களில் சீட்டு விற்றுச் சேர்த்த பணம் கட்சிகளின் கஜானாவுக்குப் போயிற்று. இதே கம்பெனியிடம் 509 கோடி பெற்றதாகத் தி.மு.க.வே தேர்தல் கமிஷனிடம் தெரிவித்திருக்கிறது. அமலாக்கத் துறையினர் சோதனைக்கு வந்து போன பிறகு பத்திரம் வாங்கிய கம்பெனிகளும் பட்டியலில் உண்டு. வந்தது நன்கொடையா, காணிக்கையா?

இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பணத்தை முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போட்ட விவகாரத்தில், 1958-ல் நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சில ஆண்டுகளில் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். அன்று அந்த அளவுக்காவது கூச்சம் இருந்தது. தேர்தல் பத்திரத்துக்காக எந்த மந்திரியும் பதவி விலகவில்லை. விசேஷப் புலனாய்வு கோரிய மனுவை 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தள்ளிவிட்டது. கட்சிகள் மாற்றிக்கொண்ட பணத்தைத் திருப்பித் தரும்படி யாரும் உத்தரவிடவில்லை. அந்தப் பணத்தில் எவ்வளவு எந்தத் தெருவில் பட்டுவாடா ஆயிற்று என்பதை வாக்காளருக்கு உபதேசம் செய்கிறவர்கள் கொஞ்சம் விசாரித்துச் சொல்லட்டும்.