தேக்கு உத்திரமும் ஸ்டீல் ஃபிரேமும்

பேரணாம்பட்டின் பழைய தெருக்களில் இன்னும் தேக்கு உத்திரம் போட்ட வீடுகள் இருக்கின்றன. உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் வீடுகள். "இந்த மாதிரி இனிமேல் யார் கட்டப் போகிறார்கள்?" என்று என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். முப்பது வருஷம் கட்டட மேற்பார்வை பார்த்தவன் நான். அந்தப் பெருமூச்சில் எனக்குப் பங்கில்லை.

2021 நவம்பர் 19-ஐ இந்த ஊர் மறக்காது. தொடர் மழையில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். சரியாகப் பத்தாம் நாள், 29-ஆம் தேதி அதிகாலையில், வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நில அதிர்வு. அன்றிலிருந்து பழைய வீடு என்றால் எனக்கு அழகு முதலில் கண்ணில் படுவதில்லை. மேலே இருக்கிற பாரம்தான் படுகிறது.

மர உத்திரம் நடுவில் கெடுவது குறைவு. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் கெடும். அங்கே ஈரம் தங்கும், காற்று போகாது, கரையான் ஏறும். வெளியே வார்னிஷ் பளபளக்கும், உள்ளே தூளாகியிருக்கும். மண் சாந்தில் கட்டிய சுவரோ மழையில் ஊற ஊறக் கனம் கூடி, பலம் குறையும்.

என் தம்பி மகன் பூர்வீக வீட்டைப் பிரித்துவிட்டு ஸ்டீல் ஃபிரேம் வீடு கட்டப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "தகரக் கொட்டகையா கட்டப் போறே?" என்றார் என் அண்ணி. நான் அவன் பக்கம் நின்றேன். மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில், பூகம்பப் பகுதியான அகர்தலாவில், மெல்லிய எஃகுச் சட்டங்களை வைத்து 1,000 வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். சென்னைப் பெரும்பாக்கத்தில் அதே திட்டத்தில் வந்த 1,152 வீடுகள் வேறு முறை, முன்வார்ப்புக் கான்கிரீட். எஃகு வீட்டில் பாரம் குறைவு. பாரம் குறைந்தால், பூமி ஆடும்போது வீட்டின் மேல் விழும் விசையும் குறையும். கரையானுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் கம்பெனிக்காரர் காட்டும் படத்தைப் பார்த்து அப்படியே கட்டிவிடக் கூடாது. நம் ஊருக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, உப்பு. தோலை உப்புப் போட்டுத்தான் பதப்படுத்தி வைக்கிறார்கள். அந்த உப்பு கழிவுநீரோடு பல காலம் மண்ணில் இறங்கியிருக்கிறது. பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். இறங்கிய உப்பு தீர்ப்பைக் கேட்டு மேலே ஏறி வந்துவிடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் அஸ்திவாரத்துக்கு நல்ல தண்ணீர் லாரியில் வரட்டும். துத்தநாகப் பூச்சுள்ள எஃகையே வாங்குங்கள். தூணின் அடி மண்ணைத் தொடாமல் கான்கிரீட் மேடையில் நிற்கட்டும்.

இரண்டாவது, வெயில். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். எஃகு மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ராக்வூல் வைக்காமல் கட்டினால் அண்ணி சொன்ன கொட்டகைதான் மிஞ்சும். பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த ராக்வூல்தான். டைல்ஸைக் குறையுங்கள், அதைக் குறைக்காதீர்கள்.

புது வீடு கட்ட வசதி இல்லாதவர்களே இங்கே அதிகம். வாடகைக்கு இருப்பவர்கள் உத்திரத்தை மாற்றவும் முடியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐப்பசி மழைக்கு முன்னால், உத்திரம் சுவரில் சேரும் இடத்தில் ஒரு ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்த அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டுக்காரர்களும், வாடகை வாங்கும் கையோடு வருஷத்துக்கு ஒரு முறை மேலே நிமிர்ந்து பாருங்கள்.