ஏரியும் கிணறும்

நவீன நாகரிகம் பழஞ் சமூகத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்னும் வினாவுக்கு விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்பர். புதியன யாவும் ஏற்றமே என்பர் ஒரு சாரார். பழையன கழிந்தமையால் ஊர் கெட்டது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நம் கலாசாலைச் சொற்போர் மேடையில் ஆண்டுதோறும் ஏறி, அதே மேற்கோள்களைக் கூறி, அதே கைதட்டலைப் பெற்று இறங்குவதை நேயர்கள் அறிவர். யாம் அம்மேடைக்குச் செல்லாது, ஓர் ஏரிக்கரையின்மீது நின்று இவ்விஷயத்தை ஆராய விரும்புகின்றோம்.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. தென்பாண்டி நாட்டார் அவற்றைக் கண்மாய் என்றும், சிறியனவற்றை ஏந்தல், தாங்கல் என்றும் வழங்குவர். வற்றாத ஆறில்லாத நாட்டில், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு திங்கள் பெய்யும் மழையைத் தை மாசி வரையில் தேக்கி வைத்துப் பயிர் செய்தற்கு நம் முன்னோர் கண்ட உபாயம் இது. சரிவான நிலத்திற் பிறைபோல ஒரு மண்கரை. அக்கரையில் நீர் விடுதற்கு மதகு. மிகுநீர் வழிதற்குக் கலிங்கு. ஓர் ஏரியின் கலிங்கு வழிந்தால் அடுத்த ஊர் ஏரி நிரம்பும். மண்ணினாற் செய்ததாகலின் இஃது ஆண்டுதோறும் பழுதுபடும் இயல்பினது. வரத்துக்கால் தூர்ந்து போம். கரையில் நண்டு வளை வைக்கும். மழைக்காலத்து நள்ளிரவில் உடைப்பு எடுக்கும். அவற்றை ஊரார் கூடிச் செப்பனிட்ட முறைக்கே குடிமராமத்து என்று பெயர். கோடையில் ஏரி வற்றியதும் குடியானவர்கள் வண்டி கட்டிச் சென்று வண்டலை வாரித் தம் வயல்களில் இடுவர். வயலுக்கு எரு கிடைத்தது; ஏரிக்கு ஆழம் கிடைத்தது. தூர் வாருதல் என ஒரு தனி வேலையும் அதற்கு ஒரு தனிச் செலவும் வேண்டப்பட்டில.

ஏரியைக் காத்தற்கு ஊரில் ஒருவன் இருந்தான். அவனை நீர்க்கட்டி என்றும், கம்புகட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும் இடத்துக்கு ஒரு பெயராற் குறித்தனர். மதகு திறப்பவனும், முறைப்படி வயல்தோறும் நீர் விடுபவனும், மழையிரவில் கரைமேல் நடந்து காவல் புரிபவனும் அவனே. பல ஊர்களில் அவன் சேரியைச் சார்ந்தவன். அவ்வேலை தந்தைக்குப் பின் மைந்தனுக்கு வந்தது. அறுவடைக் காலத்துக் களத்தில் அவனுக்கு அளந்த நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். ஊர்த்தொழிலாளர் யாவருக்கும் களத்தில் அளக்கப்பட்ட பங்கை அச்சொல்லாலேயே கணக்கர்கள் ஏட்டில் எழுதினர். 1947-ல் நாடெங்கும் முழங்கிய அதே சொல், அக்களத்து ஓரத்தில் முறமேந்தி நின்ற ஒருவனுக்கு வேறு பொருளைத் தந்துகொண்டிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இனி மாற்றம் எங்ஙனம் வந்தது? 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சீமையிற் கிணறுகளில் மின்விசைப் பம்புகள் ஓடத் தொடங்கின. கவலை ஏற்றத்தில் எருதுகள் முன்னும் பின்னும் நடந்த நிலை சிறிது சிறிதாக மறைந்தது. 1966-ல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற குறுகிய காலத்து நெல் வகைகள், வேண்டும்போது வேண்டும் அளவு நீரை விரும்பின. ஏரியோ தன் முறைப்படியே நீர் தரும். கிணறு உடையவன் கேட்டபடி தரும். உப்பு உரம் கடையில் விலைக்குக் கிடைத்தபின் வண்டலை நாடி வண்டி கட்டுவார் இலர். 1990-ல் உழவர்க்கு மின்சாரம் இலவசமாயிற்று. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலம் ஏரிநீராற் பாய்ந்தது. நாற்பது ஆண்டுகளில் அப்பரப்பு 6 லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. பாசன நிலத்தில் ஏறத்தாழச் சரிபாதி கிணறுகளைச் சார்ந்ததாயிற்று. இவற்றுள் எந்த ஒன்றையும் எவரும் ஏரியைக் கெடுக்கும் நோக்கத்தோடு செய்திலர். ஒவ்வொன்றும் ஒரு நன்மையாகவே வந்தது.

ஆயினும் கிணறு வந்தபோது ஊரில் நிகழ்ந்த பெருமாற்றம் நீரைப் பற்றியதன்று என்பது எம் கருத்து. ஏரி இருந்தவரையில் ஒருவன் தன் அண்டை வயலானோடு பேசாதிருக்க இயலாது. பகைவனாயினும், மதகு திறக்கும் நாளைக் குறிக்க அவனோடு ஒரே ஆலமரத்தடியில் அமர்ந்தே தீரவேண்டும். மோட்டார் வைத்தவனுக்கு அக்கட்டாயம் நீங்கிற்று. அவன் விசையை அழுத்தினால் நீர் வரும். எவரையும் கேட்க வேண்டுவதில்லை. ஊர்க்கூட்டம் ஒரு பகையாலும் கலையவில்லை. ஒருவருக்கொருவர் வேண்டாதவராயினர், அவ்வளவே. நவீன வாழ்வு பழஞ் சமூகத்தை உடைக்கின்றது என்பாருக்கு யாம் கூறுவது, அஃது உடைப்பதைக் காட்டிலும் வேண்டாததாக்குவதே மிகுதி என்பது.

இவ்விடத்திற் பழமையைப் போற்றுவோர் உத்தரமேரூரை எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் ஏரி வாரியத்திற்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரலாகாது என்னும் விதி இன்றைக்கும் வேண்டுவதே. ஆனால் அதே கல்லில் வேறொரு விதியும் உண்டு: இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரே குடத்தில் இடப்பெறும். கரையிற் கூடை சுமந்தவன் பெயர் அக்குடத்தில் விழுந்ததில்லை. பிற்காலத்தில் ஆங்கிலேயர் 1858-ல் சென்னை மாகாணத்திற்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, வழக்கப்படி செய்யவேண்டிய ஏரி வேலையைச் செய்யாதவரைத் தண்டிக்க வழி செய்தனர். ஊரார் யாவரும் மனமுவந்து கூடிச் செய்த பணிக்கு அத்தகைய சட்டம் ஏன் வேண்டியதாயிற்று என்று பொற்காலப் புகழ் பாடுவோர் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

செங்கற்பட்டுச் சீமையில் எமக்குப் பழக்கமான ஓர் ஊர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் ஏரி நன்கு நிரம்பியும், மதகைத் திறந்து முறைப்படி பாய்ச்சுவார் இன்மையால் நீர் கண்டபடி ஓடிற்று. ஊர்ப் பெரியவர் ஒருவர் பழைய நீர்க்கட்டியின் பேரனை அழைத்து, பாட்டன் பார்த்த வேலையை நீ ஏற்றுக்கொள் என்றார். அவ்விளைஞர் அருகிலுள்ள மோட்டார் உறுப்புத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் மரியாதையாகவே விடை கூறினார்: "ஐயா, என் பாட்டன் நீர் பாய்ச்சிய கழனி முந்நூறு ஏக்கர். அதில் அவருக்கு ஒரு சாண் நிலம் இல்லை. களத்து ஓரத்தில் அவர் முறத்தோடு நின்றதை நான் சிறு வயதில் கண்டிருக்கிறேன். அவரை ஊரில் எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்."

அருகில் நின்ற எமக்கு அவர் கூறியதில் மறுத்தற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. தொழிற்சாலையும், பேருந்தும், பள்ளிக்கூடமும், மாதச் சம்பளமும் அவரைக் களத்து ஓரத்தினின்று விடுவித்தன. இதனை நாகரிகத்தின் கேடு என்று சொல்ல எமக்கு நாவெழாது. ஏரி கெட்டதையும் இவர் விடுதலை பெற்றதையும் ஒரே காலமே செய்தது. ஒன்றற்கு அழுது மற்றொன்றை மறைப்பது நேர்மையன்று.

ஆனால் விஷயம் இவ்வளவில் முடிந்துவிடவில்லை. ஏரியை வேண்டாதார் என எண்ணியிருந்த கிணற்றுடையாரும் உண்மையில் ஏரியை வேண்டியவரே. ஏரியில் நின்ற நீரன்றோ மண்ணுக்குள் இறங்கி அவர் கிணற்றில் ஊறுகின்றது! ஏரி தூர்ந்து, சீமைக்கருவேல் அடர்ந்து, வரத்துக்கால் மனைகளானபின், முப்பதடியில் இருந்த நீர் முந்நூறடிக்குச் சென்றது. முதலில் கிணற்றை ஆழப்படுத்தினர். பின்னர்த் துளைக்கிணறு இட்டனர். பின்னர் இன்னும் ஆழமான துளைக்கிணறு. ஆழத்தோடு செலவும் ஏறுவதால், சிறு நிலமுடையவன் முதலில் தோற்றான். அயலானை வேண்டியிருந்த உண்மை மாறவில்லை. அது கண்ணுக்குத் தெரியாதபடி மண்ணுக்குள் மறைந்துகொண்டது. கரைமேல் நின்றால் தெரிந்த உறவு, விசைப்பெட்டியின் முன் நின்றால் தெரிவதில்லை.

அரசினர் இதனை அறியாதவரல்லர். 2000-ல் பாசன அமைப்புக்களை உழவர்களே நிர்வகித்தற்கு ஒரு சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்னும் பழம்பெயரையே சூட்டி ஏரிகளைச் செப்பனிடும் திட்டம் தொடங்கிற்று. வண்டல் எடுத்துக்கொள்ள உழவர்க்கு அனுமதியும் அளிக்கப்பட்டது. யந்திரங்கள் சில நாளில் வாரிய மண்ணை நூறு கூடைகள் ஒரு கோடை முழுதும் வாரியிரா. அதனை யாம் குறை கூறோம். எம் ஐயம் வேறு. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நீர்ப்பயனாளர் சங்கத்தில் ஆயக்கட்டில் நிலமுடையவரே வாக்குடையவர். ஏரியில் மீன் பிடிப்பவரும், ஆடு மாடு மேய்ப்பவரும், களிமண் எடுக்கும் குயவரும், துணி வெளுப்பவரும், கழனியில் நாள் முழுதும் குனிந்து நிற்கும் கூலிப்பெண்டிரும் அதற்கு வெளியே நின்றனர். உத்தரமேரூர்க் குடத்தின் வாய் ஆயிரத்தெண்பது ஆண்டுகளில் எத்துணை அகன்றது என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்க.

எனவே யாம் வேண்டுவன இவை. பழைய ஏரி வேண்டும். பழைய களம் வேண்டாம். நீர்க்கட்டி வேலை எந்தத் தெருவின் பிறப்புரிமையும் ஆகாது, எந்தத் தெருவின் பிறப்புக் கடனும் ஆகாது. 1980-ல் பரம்பரை மணியக்காரர், கணக்கர் பதவிகள் நீங்கி, அவ்விடத்திற்குத் தேர்ச்சி பெற்றுச் சம்பளம் பெறும் அலுவலர் வந்தனர். அதனால் ஊர்க்கணக்கு நின்றுவிடவில்லை. மேலே ஏட்டைப் பிடித்திருந்தவன் வேலைக்குக் கிடைத்த சம்பளமும் மதிப்பும், கீழே மதகைப் பிடித்திருந்தவன் வேலைக்கு ஏன் கிடைத்தில? துளைக்கிணறு உடையவரும் ஏரிச் செலவிற் பங்கு தருவாராக. அவர் குடிக்கும் நீரும் அவ்வேரியினதே. நிலமில்லாதாரும் பெண்டிரும் சங்கத்தில் வாக்குப் பெறுவாராக. இவை ஊராருக்குக் கசப்பானவை என்பதை அறிவோம். வண்டல் வாருவதினும் இவை கடினமானவை. இவற்றுக்கு ஏற்ற யந்திரம் இன்னும் எவராலும் செய்யப்படவில்லை.

அவ்வூர் இளைஞர் அன்று முற்றிலும் மறுத்துவிட்டுச் செல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம். வாயில்வரை சென்றவர் திரும்பி வந்து, மூன்று செய்தால் விடுமுறை நாட்களிலேனும் மதகைப் பார்த்துக்கொள்ள இசைவதாகக் கூறினார்: நெல்லாக அன்றி மாதந்தோறும் வங்கியிற் சம்பளம் இடவேண்டும், அவர் பெயர் எழுதி நியமனக் கடிதம் தரவேண்டும், அடுத்த ஆண்டு அவ்வேலையை மேலத்தெருவினின்று ஒருவர் முறைக்கு ஏற்கவேண்டும். முதலிரண்டுக்கும் பெரியவர் அங்கேயே இசைந்தார். மூன்றாவதைக் கூட்டத்தில் வைத்துப் பேசவேண்டும் என்றார். கூட்டம் இருமுறை கூடி இருமுறையும் வேறு விஷயம் பேசிக் கலைந்தது. மதகைத் திருகும் இரும்புப் பிடி, யாம் பின்னர்ச் சென்றபோதும், பஞ்சாயத்து அலுவலகத்து அலமாரியிலேயே இருந்தது.